ஆடி மாதத்துக் கேமரா

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரர். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார். ஸ்டுடியோக்காரத் தம்பி. மகள் கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்து காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. ஆறாவதாக யாரும் இல்லை. வாசலில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர், கணக்கில் வரமாட்டார்.

இதை ஏன் இத்தனை சுத்தமாகச் சொல்கிறேன் என்றால், பணம் கை மாறுகிற இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று மனதுக்குள் எண்ணி வைத்துக்கொள்வது என் வழக்கம். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் சாட்சி வேண்டும் அல்லவா. இதுவரை ஒரு பேச்சும் வந்ததில்லை. வராததற்குக் காரணமே நான் எண்ணி வைப்பதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். விட்ட கையோடு தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட்டுக்குப் போய்விட்டேன். முதல் வேலை பிசிறு வெட்டுவது. தைத்து முடித்த நைட்டியில் கழுத்தோரம், கையோரம், அடிமடிப்பு எல்லா இடத்திலும் நூல் தொங்கும். அதைச் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டி எடுக்க வேண்டும். பிறகு மிஷினில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் யார் சட்டையிலாவது ஒரு நூல் தொங்கினால் என் விரல் தானாகப் போகும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரிலிருந்து நூலைப் பிடுங்கித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். நைட்டி மூட்டைகளை ஏற்றி, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு என்று கடை கடையாக இறக்கிக்கொண்டே போவார். யூனிட்டில் வேலை குறைந்த நாட்களில் நானும் முன்னால் ஏறிக்கொள்வேன். மலை பக்கத்திலேயே கூட வரும். போனில் எடுப்பேன். அதை என் நாத்தனார் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். யாரோ நாலு பேர் "எந்த ஊர் இது?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை.

"மதினி, நீங்க டிராவல் விலாக் போடுங்க. ஊர் ஊராப் போயி வீடியோ எடுத்து, பேசி, சேனல்ல போடணும். வண்டி இருக்கு, டீசல் எப்படியும் அண்ணன் போடப் போறான். வேற என்ன வேணும்?"

"தைரியம் வேணும்லாட்டி" என்றேன்.

"அது கடையில விக்கல. கேமராவப் பாப்போம் முதல்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. மிஷினில் தைத்துக்கொண்டே காதில் ஒயரை மாட்டி, கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோவாகக் கேட்டேன். ஒருவர், ஆரம்பிப்பதற்குப் போனே போதும், வீண் செலவு செய்யாதீர்கள் என்றார். அப்பாடா என்றிருந்தது. அடுத்தவர், போனில் எடுத்தால் நாய் கூடப் பார்க்காது, இந்தக் கேமராவும் இந்த லென்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. மூன்றாமவர் கேமராவில் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் அரிசி டப்பாவுக்குள் வைக்காதீர்கள் என்றார். கேமரா வாங்குவதற்கு முன்பே அதற்குப் பூஞ்சை பிடித்துவிட்டதாக நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

என் போனில் எடுக்கலாம்தான். ஆனால் அதில் இடம் இல்லை. பாதி இடத்தை நைட்டி டிசைன் படங்கள் அடைத்திருந்தன. மீதிப் பாதியில் யாருடைய காதுகுத்துக்கோ எடுத்த படங்கள். அழித்தால் அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று அழிக்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு போன் கடைக்குப் போனோம். கடைப் பையன் ஒரு கைப்பிடியைக் காட்டினான். போனை அதில் மாட்டி நடந்தால், நாம் எப்படி ஆடினாலும் படம் ஆடாதாம். மாட்டிக்கொடுத்தான். நான் பிடித்ததும் அது என் பக்கம் திரும்பி, கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்தது. பயந்து கையை விட்டுவிட்டேன். நல்லவேளை, நாத்தனார் பிடித்துவிட்டாள்.

"ட்ரோன் எம்புட்டு?" என்று அவள் கேட்டாள்.

வீட்டுக்காரர் கடையை விட்டே வெளியே போய்விட்டார். வண்டியில் ஏறிய பிறகுதான் பேசினார். "ட்ரோனா? மேல ஒண்ணு சுத்தி வேற நம்மளப் பாக்கணுமா? ஏற்கெனவே எங்க ஆத்தா பாக்குறது போதாதா?"

அப்படி ஒன்றும் முடிவாகாமல் ஆனி போய் ஆடி வந்தது. ஆடி வந்ததுதான் எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் ஸ்டுடியோவில் வேலை கிடையாது. மாதம் முழுக்கக் கேமரா எல்லாம் பையில் தூங்கும், வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் தூங்காது. நாத்தனார் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர்தான் இந்தத் தம்பி. புதுக் கேமரா வாங்கிவிட்டதால் பழையது ஒன்று விலைக்கு இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அன்றைக்கு அந்த ஐந்து பேரும் ஒரே இடத்தில் சேர்ந்தோம்.

கேமரா சின்னதுதான். பிடிக்கிற இடத்தில் கறுப்பு ரப்பர் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. எத்தனை தாலியைப் பார்த்த கேமராவோ. கூடவே ஒரு மைக், இரண்டு பேட்டரி, ஒரு கால் கொஞ்சம் தளர்ந்த முக்காலி.

"இருவத்திரெண்டாயிரம் அக்கா" என்றார் தம்பி. "மொத்தமா வேண்டாம். இப்ப ஏழு குடுங்க. ஆடி முழுக்க நீங்களே வச்சு எடுத்துப் பாருங்க. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள வேண்டாம்னு தோணுச்சுன்னா கொண்டாந்து தந்திருங்க, ஆயிரத்தைப் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தைத் தந்திருதேன். வேணும்னா, அன்னைக்கு ஒரு அஞ்சைக் குடுத்துட்டு, பொறவு மாசாமாசம் பாத்துக்கலாம்."

"தண்ணியில விழுந்துட்டா?" என்றேன்.

"விழாம பாத்துக்கோங்க அக்கா."

"குரங்கு தூக்கிட்டுப் போயிட்டா?"

எங்கள் நைட்டிக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பத்து அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "தாயி, குரங்குக்கு நைட்டி குடுத்து வாங்கிக்கிடலாம். வாங்கு. நான் காலையில இருந்து பாக்குதேன், இந்தத் தம்பி எடுத்த படத்துல என் நெக்லஸ் ஒண்ணுலகூட விழல. நீயாவது மனுசங்க சொல்றதக் கேட்டு எடு."

வீட்டுக்காரர் ஏழாயிரத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். அது நான் துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம். வண்டியில் ஏறியதும் அவர் ஒன்று சொன்னார்:

"இந்தா பாரு. ஒரே ஒரு வீடியோ. தள்ளி விடாம, நான் ஒக்காந்து முழுசாப் பாக்குற மாதிரி ஒண்ணு, ஆவணிக்குள்ள நீ போட்டுட்டன்னா கேமரா நம்மது. இல்லன்னா திருப்பிக் குடுத்துட்டு மிஷின் வாங்கிருவோம். சரிதானா?"

எதையும் முழுசாகப் பார்க்கிற ஆள் இல்லை அவர். எங்கள் கல்யாண வீடியோவையே தாலி கட்டுகிற இடத்தோடு நிறுத்தியவர். சரி என்று சொல்லிவிட்டு, வீடு வருகிற வரை அந்தப் பையை மடியில் வைத்து, பையின் வாரை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன்.

முதல் பயணம் பிளவக்கல் அணைக்கு. வத்திராயிருப்பில் மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே மலையடிவாரம் வரை போய்விடலாம் என்று திட்டம். நாத்தனாரும் வந்தாள். முக்காலியை அவள் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டாள்.

போனதும் சாரல் பிடித்தது. ஆடிச் சாரல்தான், நனைந்தால் கூடத் தெரியாது. ஆனால் எனக்குக் கேமராவுக்குள் பூஞ்சை பூப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியில் நைட்டி போடுகிற பிளாஸ்டிக் கவர் ஒரு கட்டு கிடந்தது. ஒன்றை எடுத்துக் கேமராவை அதற்குள் இறக்கி, வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். கவர் கண்ணாடி மாதிரி தெளிவான கவர். அதற்குள் இருக்கிற நைட்டியின் பூ கூட அப்படியே தெரியும். கேமராவுக்கும் தெரியாமல் போகுமா என்ன?

முக்காலியில் வைத்து முன்னால் நின்றேன். கேட்டுப் பழகிய வீடியோக்களில் பேசுகிற மாதிரியே, "ஹாய் மக்களே!" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே திடுக்கென்றது. வீட்டுக்காரர் திரும்பி அணையைப் பார்க்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

அங்கே அவித்த கடலை விற்கிற ஓர் அம்மா கூடையை இறக்கி வைத்து எங்களையே பார்த்தார். "ஏத்தா, பொட்டிக்குள்ள யாரு இருக்கா? ஆரு கூடப் பேசுத?"

"மக்கள் கூடப் பேசுதாங்க ஆச்சி" என்றாள் நாத்தனார்.

"மக்கள் இங்கன நான் ஒருத்திதான இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அந்த அம்மா சொன்னது அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். படம் பாலுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. மலை, அணை, நான், எல்லாமே ஆவிக்குள். சத்தம் அதை விட மோசம். ஆடிக் காற்று மைக்கில் அடித்து, மிஷின் யூனிட் முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி டர்ர்ர் என்று ஓடியது. நடுவில் எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி ஒரு குரல் "மக்களே" என்றது.

நான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டார். "மோசமில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னால் ரொம்ப மோசம் என்று அர்த்தம்.

கவர் விஷயம் எனக்கே புரிந்துவிட்டது. கண் பார்த்தால் கவருக்குள் நைட்டி தெரியும், ஏனென்றால் நைட்டி கவரோடு ஒட்டிக் கிடக்கிறது. மலை ஒட்டியா கிடக்கிறது? ஆனால் காற்றுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்டுடியோ தம்பிக்குப் போன் போட்டேன்.

"மைக்குக்கு மேல ரோமம் வச்ச உறை ஒண்ணு மாட்டணும் அக்கா. அது காத்தை உள்ள விடாது. கடையில நானூறு ஐநூறு ஆகும். என்கிட்ட இருந்தது தொலஞ்சு போச்சு. படம் அனுப்புதேன், பாத்துக்கோங்க."

படம் வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மழையில் நனைந்த பூனைக்குட்டி ஒன்றை மைக்கில் சொருகி வைத்த மாதிரி, நாலாபக்கமும் மயிர் சிலிர்த்து, ஓரம் அடிக்காமல், பிசிறு வெட்டாமல். எங்கள் யூனிட்டில் இப்படி ஒரு உருப்படியைக் கொண்டுபோய் வைத்தால் மேஸ்திரி முகத்தில் எறிவார். இதற்கா நானூறு ஐநூறு? துணி வேலைதானே, நாம் தைத்தால் இதைவிட நன்றாகத் தைப்போம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு கர்வம் வந்தது. எனக்குக் கர்வம் வருவது அபூர்வம். வந்தால் இப்படித்தான் ஆகும்.

யூனிட்டில் குழந்தைகளுக்குத் தொப்பி வைத்த உடுப்பு ஒரு லாட் தைத்தபோது மிச்சமான ரோமத் துணி கொஞ்சம் இருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். மைக்கை அளந்து, வெட்டி, உள்ளே நல்ல கெட்டி லைனிங் கொடுத்து, அடியில் எலாஸ்டிக் வைத்து, யூனிட்டுக்குக் கொண்டுபோய் ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்தேன். பிறகு கத்தரியை எடுத்து அந்த ரோமத்தை ஒட்ட ஒட்ட வெட்டி, கையால் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும்படி சமன் செய்தேன். நாத்தனார் கையில் வாங்கிப் பார்த்து, "மதினி, இத மைக்குல மாட்டுறத விட ஏதாவது பிள்ளைக்கு மாட்டலாம்" என்றாள். அத்தனை அழகு.

சும்மா போகவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் முன்னால் மைக்கை நிறுத்திப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் காற்றுச் சத்தம் துளி இல்லை. நிம்மதியாகச் சோறு இறங்கியது.

இரண்டாவது தடவையும் பிளவக்கல்தான். அதே இடம், அதே கூடை, அதே அம்மா. "வந்துட்டீகளா?" என்றார்.

இந்தத் தடவை கவர் இல்லை. வானமும் வெறித்திருந்தது. காற்று மட்டும் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் பேசினேன், அணையைப் பற்றி நாத்தனார் போனில் பார்த்து எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். தண்ணீர்ச் சத்தம், பறவைச் சத்தம் எல்லாம் வரட்டும் என்று நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் படம் அத்தனை தெளிவு. மலையில் ஒரு மேகம் இறங்குவது கூடத் தெரிந்தது. காற்றுச் சத்தம் இல்லவே இல்லை. என் சத்தமும் இல்லை. வாய் மட்டும் அசைந்தது, தலையணைக்குள் முகத்தை வைத்து யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு மும்மும்மும்.

நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மதினி, ஃபேன் முன்னால வச்சுப் பாத்தீங்களே, அப்ப நீங்க பேசிப் பாத்தீங்களா?"

பேசவில்லை. காற்று கேட்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நான் கேட்கிறேனா என்று பார்க்கவே தோன்றவில்லை.

மறுநாள் தளவாய்புரத்தில் மூட்டை ஏற்றும்போது வீட்டுக்காரர், பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று விலைக்கு வருகிறதாம் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

உண்மையைச் சொன்னால், கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் இருந்தது. கொடுத்துவிட்டால் எத்தனை கவலை ஒரேயடியாகக் குறையும்! பூஞ்சைக் கவலை, குரங்குக் கவலை, பேட்டரி வெடிக்குமோ என்கிற கவலை, மெமரி கார்டைச் சட்டைப் பையோடு துவைத்துவிடுவோமோ என்கிற கவலை. ஆனால் ஒன்று என்னைப் பிடித்து வைத்திருந்தது. போனில் வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலை.

அதை நாத்தனார்தான் காட்டிக் கொடுத்தாள். வேண்டாத இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, இந்தத் துண்டையும் அந்தத் துண்டையும் சேர்க்க வேண்டும். அது எனக்கு உடனே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுவேன், பிறகு ஒட்டிப் பிடிப்பேன். ஒரு நாள் கை தவறி நல்ல இடத்தை வெட்டிவிட்டேன். துணியில் அப்படி வெட்டினால் முடிந்தது கதை. ஒரு மீட்டர் துணிக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். நாத்தனார் ஒரு வளைந்த அம்புக்குறியை அழுத்தினாள். வெட்டினது அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை வேண்டுமென்றே வெட்டிப் பார்த்தேன். அழுத்தினேன். திரும்பி வந்தது. அன்றைக்கு அந்த அம்புக்குறியை எத்தனை தடவை அழுத்தினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வெட்டினது ஒட்டும் என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை.

அதனால் இன்னொரு உறை தைக்க உட்கார்ந்தேன். லைனிங்தான் குற்றவாளி என்று புரிந்தது, லைனிங்கை விட்டுவிட்டேன். ரோமத் துணியை மட்டும் ஒற்றையாகத் தைத்து எலாஸ்டிக் வைத்தேன். இனி ரோமத்தை வெட்டிச் சமன் செய்ய வேண்டும், கத்தரியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் அடித்தார் வீட்டுக்காரர். "வாரியா, இல்ல நான் போகட்டா?" ஆடியில் வத்திராயிருப்புப் பக்கம் போகிற கடைசி லோடு அது. அப்படியே உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். அழகாகத் தைத்த பழைய உறையும் பைக்குள்தான் கிடந்தது.

மூன்றாவது தடவை பிளவக்கல்லில் இறங்கியபோது கடலைக்கார அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "மூணு தடவையா வாரீக. அணைய வெல பேசப் போறீகளா?"

நாத்தனார் பைக்குள் கை விட்டு அந்தப் பிசிறுப் பூனைக்குட்டியை எடுத்து மைக்கில் மாட்டினாள்.

"ஏட்டி, அது வேண்டாம்! இன்னும் வெட்டல. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க, நைட்டி தைக்கிறவ இப்படியா பிசிறோட..."

"மதினி, மைக்கு படத்துல தெரியாது. பேசுங்க."

என்ன பேசுவது? எழுதிக் கொடுத்த தாளை அவசரத்தில் வீட்டிலேயே விட்டிருந்தேன். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் "ஹாய் மக்களே" வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

நாத்தனார் நிறுத்துவாள் என்று பார்த்தேன். அவள் கையை ஆட்டி, அப்படியே பேசுங்கள் என்று காட்டினாள்.

"எதுக்குப் பயம், அதச் சொல்லுங்க" என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

சொன்னேன். அதில் எனக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முந்தின நாள் ராத்திரியே எனக்கு என்னென்ன பயம் வரும் என்று ஆரம்பித்தேன். பொம்பளைகள் ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது என்று வண்டியை விட்டு இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போகிற பஸ்ஸைக் கண்டக்டரிடம் கேட்கக் கூடாது, டீக்கடையில் கேட்க வேண்டும். டீக்கடைக்காரர்தான் அது வராத நாளையும் சொல்வார். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடக் கூடாது, குரங்கு பார்க்கும். துண்டுக்கு உள்ளே வைத்துச் சுற்றினால் அதற்குத் துணி மூட்டை என்று தோன்றும். தண்ணீர் அமைதியாகக் கிடக்கிற இடத்தைக் கண்டால் கால் நனைக்க ஆசை வரும், ஆசை வந்த இடத்திலேயே நின்றுகொள்ள வேண்டும், அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கக் கூடாது. பேசிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்லப் பயம் எங்கேயோ போய்விட்டது. இந்த இடத்தில் கடலைக்கார அம்மா தானாகவே நடுவில் வந்து நின்றார்.

"இவ சொல்றதெல்லாம் நெசம். போன வாரம் ஒரு ஆளு கண்ணாடிய குரங்கு பிடுங்கிட்டுப் போயி, மாட்டிப் பாத்துட்டுப் பிடிக்கலன்னு கீழ போட்டுருச்சு. ஆனா ஒண்ணு விட்டுட்டா."

"என்னது ஆச்சி?"

"காசு. சில்லறை கொண்டாரணும். எல்லாரும் ஐநூறு ரூவாய நீட்டுனா, பத்து ரூவா கடலைக்கு நான் எங்கன போவேன்?"

வீட்டுக்கு வந்து போட்டபோது, நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். கேட்கப் பயம். கேட்டது. காற்று வேப்பமரத்தில் அடிக்கிற சத்தம் காற்றாகவே கேட்டது. கீழே தண்ணீர். நடுவில் என் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. எந்தப் பிசிறை வெட்டி வெட்டியே நான் சோறு தின்றேனோ, அந்தப் பிசிறுதான் காற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

வெட்டி ஒட்டிச் சேனலில் போட்டோம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் தட்டுக்கு முன்னால் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தார். நான் ரசம் ஊற்றுகிற சாக்கில் அவர் இடது கைக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளி விடுகிற விரல் அதுதான். பயம் பகுதி வந்தது, விரல் அசையவில்லை. பஸ் வந்தது, அசையவில்லை. குரங்கு வந்தபோது விரல் எழுந்தது. என் உயிர் போயிற்று. மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது. கடலைக்கார அம்மா பேசும்போது சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டார்.

"என்ன?" என்றேன்.

"ரசம் ஊத்து. வழியுது பாரு."

ஓவர்லாக் மிஷினைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

வீடியோவை அதிகம் பேர் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் எங்கோ ஓர் ஊர்ப் பெண் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நானும் உங்கள மாதிரிதான். அடுத்து எந்த ஊருக்குப் பயப்படப் போறீங்க?" அதை நாத்தனார் எங்கள் யூனிட்டுக்கே வந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்குப் போனோம். பணத்தை வீட்டுக்காரர் என்னிடமே கொடுத்துவிட்டார். கேமராப் பையும் என் தோளில். கடைக்குள் ஏறுகிற வரை, ஐயாயிரத்தைக் கொடுப்பதா, கேமராவைக் கொடுப்பதா என்று எனக்குள் ஓர் ஆட்டம் இருந்தது. ஸ்டுடியோ தம்பி, பார்க்கலாம் என்று பைக்குக் கை நீட்டினார். என் கை தானாகப் பையை இழுத்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பணத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

"கேமரா உங்களுதுதான் அக்கா, சும்மா மைக்க மட்டும் பாக்குதேன்" என்றார் தம்பி. எடுத்துப் பார்த்தார். உறையை ஊதிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "இது எங்க வாங்குனீங்க?"

"நான்தான் தச்சேன். இன்னும் பிசிறு வெட்டல தம்பி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க."

"வெட்டிராதீங்க! நாளையில இருந்து வரிசையா முகூர்த்தம். மண்டபத்து வாசல்ல வச்சுப் பேட்டி எடுக்கச் சொல்லுதாங்க, காத்து கொல்லுது. எங்க ஆளுகளுக்கு ஒரு டஜன் தச்சுத் தாங்க. ஒண்ணுக்கு நூத்தி அம்பது, உங்க பாக்கியில கழிச்சுக்கிடுதேன்."

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான், வீட்டுக்காரர், ஸ்டுடியோ தம்பி மூன்று பேர். அந்த ஆல்பத்து அம்மா இல்லையே என்று இருந்தது.

பன்னிரண்டு உறையும் தைத்துக் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றையும் முடித்த பிறகு கத்தரியைத் தூர வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருப்பேன். அதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஆயிரத்து எண்ணூறு அதில் கழிந்தது. புரட்டாசிக்கு ஆயிரம், ஐப்பசிக்கு ஆயிரம் கையில் கொடுத்தோம். இன்னும் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து இருநூறு ரூபாய்.